ஆயிரம் விஞ்ஞானிகள் பரிணாமத்தைப் பொய்யென்றார்களா?

‘ஆயிரத்துக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் பரிணாமம் பொய்யென்று கையெழுத்திட்டுள்ளனர், முனைவர் கென்ட் ஹோவிண்டும் அதையே சொல்கிறார்’ என்ற செய்தி, கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் வட்டாரத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் பரவுகிறது. அது தவறானது. (ஹோவிண்ட், உயிர்களைக் கடவுளே நேரடியாகப் படைத்தார் என்னும் படைப்புவாதத்தைப் பரப்பும் அமெரிக்கப் பேச்சாளர்.)

டார்வினின் பரிணாமக் கொள்கையை எதிர்க்கும் அமெரிக்க அமைப்பான டிஸ்கவரி நிறுவனம் 2001-இல் வெளியிட்ட அறிக்கையே இதற்கு மூலம். தற்செயலான மரபணு மாற்றமும் இயற்கைத் தேர்வும் உயிர்களின் சிக்கலான அமைப்பை விளக்க வல்லவை என்னும் கூற்றில் ஐயம் உண்டு என்றும், சான்றுகளைக் கவனமாக ஆராய்வதை ஊக்குவிக்க வேண்டும் என்றும்தான் அது கூறுகிறதே ஒழிய, உயிரினங்களுக்குப் பொது மூதாதை உண்டு என்பதை அது மறுக்கவே இல்லை. ஒப்பமிட்டவர்களில் பொறியாளர்களும் வேதியியலாளர்களும் கணித அறிஞர்களும் பலர். இதற்கு மறுமொழியாக அமெரிக்காவின் தேசிய அறிவியல் கல்வி மையம் 2003-இல் ‘ஸ்டீவ்’ என்ற பெயரும் அதன் வடிவங்களும் கொண்ட விஞ்ஞானிகளிடம் மட்டும் பரிணாமத்துக்கு ஆதரவாகக் கையெழுத்துத் திரட்டத் தொடங்கியது. அவர்களே 1,400 பேருக்கு மேல் சேர்ந்துவிட்டனர்.

ஹோவிண்டின் முனைவர் பட்டம் அங்கீகாரம் பெறாத கல்வி நிலையம் ஒன்று வழங்கியது. துறையும் உயிரியல் அன்று, கிறிஸ்தவக் கல்வி.

அதற்காகப் படைப்புவாதப் பேச்சாளர் அனைவரையும் போலிகள் என்பது அநியாயம். அவர்களில் ஒருவரான கர்ட் வைஸ் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் முறையாக முனைவர் பட்டம் பெற்றவர். ஆயினும், உலகின் சான்றுகள் அனைத்தும் எதிராகத் திரும்பினாலும் பைபிளின் பொருட்டுப் படைப்புவாதியாகவே இருப்பேன் என்று அவரே வெளிப்படையாக எழுதியிருக்கிறார். ஆகவே அவருடைய பட்டத்தை அம்முடிவுக்கான சான்றாகப் பிள்ளைகளிடம் காட்டுவது முறையாகாது.

இங்குள்ள ஒருவரின் பட்டத்தில் இத்தகைய ஐயம் எழுந்தால், மலேசியப் பட்டங்களின் அங்கீகாரத்தை மலேசியத் தகுதிகள் பதிவேட்டில் எவரும் இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம்.