எதிரே நின்றது சொந்தத் தம்பி

1918 அகமதாபாத் ஆலைப் போராட்டம் பற்றிய கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் காந்தியின் உண்ணாவிரதத்துக்கு இரண்டு பத்தி, அனசூயா சாராபாய்க்கு ஒரே ஒரு வரியா?

காந்தி அங்கே குடியேறும் முன்பே, 1914-லேயே நெசவுத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றவர் அனசூயா. சிறு வயதிலேயே கல்யாணம், அது நிலைக்கவில்லை. 1912-இல் மருத்துவம் படிக்க இங்கிலாந்து போனார். விலங்குகளை அறுத்துப் பார்க்க சமண மனம் ஒப்பவில்லை, படிப்பை மாற்றிக்கொண்டார். ஊர் திரும்பியபின் ஒருநாள், தொடர்ந்து 36 மணி நேரம் வேலை செய்துவிட்டு நடைப்பிணமாய் வந்த ஆலைப் பெண்களைப் பார்த்ததுதான் திருப்பம்.

1918 போராட்டத்தில் தொழிலாளர்கள் கேட்டது 35 சதவீதக் கூலி உயர்வு. எதிரே ஆலை முதலாளிகளின் முன்னணியில் நின்றவர் அம்பாலால், அனசூயாவின் சொந்தத் தம்பி! பங்காளிச் சண்டை என்றால் நமக்குச் சொத்துத் தகராறுதான் தெரியும். இது வேறு ரகம். கடைசியில் விஷயம் மத்தியஸ்தத்துக்குப் போய் 35 சதவீதமே கிடைத்தது. 1920-இல் மஜூர் மகாஜன் சங்கம் என்ற ஆலைத் தொழிலாளர் சங்கம் உருவானபோதும் அனசூயா முன்னால் நின்றார். தொழிலாளர்கள் அவரை அழைத்தது ‘மோட்டாபென்’ என்று, அதாவது பெரியக்கா. அப்புறம், இதே சங்கத்தின் மகளிர் பிரிவிலிருந்துதான் 1972-இல் எலா பட்டின் ‘சேவா’, அதாவது சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கம், கிளைத்தது. அதையாவது ஒரு வரி சேர்த்திருக்கலாம்.