வெற்றிடத்தில் விசிறி எதற்கு?
டேட்டா சென்டர்களை, அதாவது சர்வர் எனும் பெரிய கணினிகள் குவிந்திருக்கும் மையங்களை, விண்வெளியில் அமைக்கலாம் என்கிறது ஒரு கட்டுரை. "விண்வெளியே குளிர்தானே, சர்வர்கள் தானாக ஆறிவிடும்" என்று அது போகிற போக்கில் சொல்கிறது. அங்கேதான் இடிக்கிறது. பிளாஸ்க்கில் ஊற்றிய வெந்நீர் மணிக்கணக்கில் ஆறாமல் இருப்பதற்குக் காரணமே இரு சுவர்களுக்கு நடுவே உள்ள வெற்றிடம்தான். மேலே காற்று கிடையாது. வெப்பம் கதிர்வீச்சாக மட்டுமே வெளியேறியாக வேண்டும். சுமார் 27 டிகிரி செல்சியஸில் இருக்கும் தகடு, சதுர மீட்டருக்கு ஒரு பக்கம் அதிகபட்சம் 460 வாட்தான் வெளிவிடும். சர்வர்கள் கக்கும் வெப்பம் 1 மெகாவாட் (10 லட்சம் வாட்) என்றாலே, இரண்டு பக்கமும் சேர்த்துக் கணக்கிட்டாலும், ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல் தகடு விரிக்க வேண்டும். சூரிய மின்சாரம் தாராளமாகக் கிடைக்கும், சரி, அதை மறுக்கவில்லை. அப்புறம், ஒரு மெமரி சிப் கெட்டுப்போனால் யார் ஏறிப்போய் மாற்றுவது?