மணி அடிக்கத்தான் செய்யும்

போன பதிவில் சொன்ன அதே கடிதம்தான். கோடையில் மட்டும் எட்டிப்பார்க்கும் அந்தப் பாரிஸ்காரர் பிரான்ஸில் நான் இருக்கும் இந்தச் சிற்றூரின் மேயருக்கு எழுதியது: தேவாலய மணியை இரவில் நிறுத்துங்கள், பகலிலும் நேரம் சொல்லும் மணியை ஒவ்வொரு மணிக்கும் ஏன் இரண்டு தடவை அடிக்கிறீர்கள் என்று. அவர் எழுதியதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். போன பதிவின் கீழே நம்மவர்கள் போட்ட கமெண்டுகளைத்தான் தாங்க முடியவில்லை. "மனுஷன் தூங்க வேண்டாமா?"

தூக்கத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்க்கிறவன் நான். காலையில் வந்து படுத்தால், நடுப்பகலில் ஆஞ்செலூஸ் என்கிற ஜெப மணி தொடங்கும். மும்மூன்றாக மூன்று தடவை, அப்புறம் விடாமல். ஜன்னலுக்கு நேரே கோபுரம். வந்த புதிதில் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு கிடந்தேன். பிறகு கட்டிலை இழுத்துப் பின்னறையில் போட்டேன். அவ்வளவுதான்.

நேரத்தை இரண்டாவது தடவை அடிப்பது எதற்கென்றால், வயலில் குனிந்து நிற்கிறவன் முதல் தடவை எண்ணத் தவறியிருப்பான், அவனுக்காக. "இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறதே" என்பீர்கள். இருக்கட்டும். மணி அடிக்கத்தான் செய்யும்.

சட்டம் பேசச் சொன்னார் ஒரு நண்பர். சரி. பிரான்ஸின் ஒலெரோன் தீவில் மோரிஸ் என்ற சேவல் விடியற்காலையில் கூவுகிறது என்று பக்கத்து விடுமுறை வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2019-இல் நீதிமன்றம் சேவல் பக்கம் நின்றது; போட்டவர்களே 1,000 யூரோ கொடுக்க வேண்டியதாயிற்று. 2021 ஜனவரியில் நாட்டுப்புறத்தின் ஒலியும் வாசனையும் மரபுதான் என்று சட்டமே வந்தது. தெற்கே ஓர் ஊரில் சிள்வண்டுகளுக்கு மருந்தடிக்கச் சொன்ன சுற்றுலாப் பயணிகளும் உண்டு. பாவம், அவர்களும் தூங்க வேண்டாமா! இரவு மணியைக் குறைக்க மேயருக்கு அதிகாரம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் யார் கேட்டு, யாருக்காக?

அப்புறம் இன்பாக்ஸில் ஒருவர்: "தேவாலய மணிக்குக் காரைக்கால்காரன் நீ எதற்கு வக்காலத்து?" ஐயா, அரசையும் தேவாலயத்தையும் பிரித்த 1905 சட்டத்துக்கு முன் கட்டிய ஊர்த் தேவாலயங்கள் பெரும்பாலும் ஊராட்சியின் சொத்து. கூரை ஒழுகினால் ஓடு மாற்றுகிற காசில் என் வரியும் இருக்கிறது. பாரிஸ்காரரும் வரி கட்டுகிறார், தெரியும். கட்டட்டும். ஜனவரியில் வந்து இருக்கட்டும். எங்கள் பள்ளியில் ஒரு வகுப்பை மூடியபோது அவர் ஒரு வரி எழுதினாரா? பேக்கரிக்காரர் கடையைச் சாத்தியபோது? இந்த ஊரில் பாதி வீடுகளின் ஜன்னல் கதவுகள் வருஷம் முழுக்கச் சாத்தியே கிடக்கின்றன. அமைதிக்கு இங்கே பஞ்சமே இல்லை.

இந்த ஊரில் யாரும் என்னிடம் "உனக்கெதற்கு" என்று கேட்டதில்லை. கேட்டது நீங்கள்தான்.

வியாழக்கிழமை மன்றக் கூட்டம். பொதுமக்கள் உட்கார்ந்து கேட்கலாம், பேச விடமாட்டார்கள். அதனால் மணி தொடர வேண்டும் என்று நானும் எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி இங்கே "உனக்கெதற்கு" என்று வருகிறவர்களை நீக்கிவிடுவேன், நண்பர்களானாலும் சரி.