வலிக்கு மருந்து இருக்கிறது, வீட்டிலேயே கொடுக்கலாம்

"இனி எங்க கையில ஒண்ணும் இல்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க." புற்றுநோய் முற்றியவர்களின் வீட்டில் இதைக் கேட்காதவர்கள் குறைவு. எனக்குக் கேட்டாலே ஆத்திரம் வருகிறது. நோயைக் குணப்படுத்த முடியாமல் போகலாம். வலி, மூச்சுத்திணறல், வாந்தி, படுக்கைப்புண், அந்தப் புண்ணின் நாற்றம், இத்தனைக்கும் செய்ய எவ்வளவோ இருக்கிறது. பெரும்பாலானதை வீட்டிலேயே செய்யலாம்.

கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபினையே எடுத்துக்கொள்ளுங்கள். கொளத்தூரில் என் பெரியப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருந்தது. டாக்டர் மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்ததும் ஆளாளுக்குப் பேச்சு. "போதை மருந்தாமே, பழகிடுமே." "மூச்சை நிறுத்திடுமாமே." பெரியம்மா பயந்துபோய் மாத்திரையை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். பெரியப்பா வலியில் கத்தும்போது மட்டும் ஒன்று எடுத்துக் கொடுப்பார். வீட்டுக்கு வந்த நர்ஸ்தான் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் நேரம் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டினார். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. வலிக்காகக் காத்திருக்கக் கூடாது, அது தலைதூக்குவதற்கு முன்பே அடுத்த மாத்திரை போய்விட வேண்டும். நடுராத்திரியில் எழுப்பாமல் இருக்க இரவு டோஸை மட்டும் டாக்டர் கூட்டி எழுதியிருந்தார். மார்ஃபின் மலச்சிக்கல் கொண்டுவரும் என்பதால் அதற்கும் ஒரு மாத்திரை. வலி அடங்கியதும் பெரியப்பா முதலில் கேட்டது ஷேவிங் செட்டை.

டாக்டர் பார்த்துப் பார்த்து அளவைக் கூட்டும் மார்ஃபின் ஆளைக் கொல்லாது. பயத்தை வளர்த்ததில் சட்டத்துக்கும் பங்குண்டு. 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் லைசென்ஸ் கெடுபிடியால் பல ஆஸ்பத்திரிகள் மார்ஃபின் வைப்பதையே விட்டுவிட்டன. 2014-ல் சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கினார்கள். அதன் பிறகும் மருந்துக்காக அலையும் குடும்பங்களைப் பார்க்கிறேன். மன்னிக்க முடியவில்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரண சிகிச்சையும் சேர்க்கப்பட்டது நல்ல காரியம். ஆனால் வலி ஆபீஸ் நேரம் பார்த்து வருவதில்லை. ராத்திரி 2 மணிக்கு மூச்சு வாங்கும்போது போனை எடுத்து "பயப்படாதீங்கம்மா, இதைக் கொடுங்க" என்று சொல்ல ஆள் வேண்டும். அந்தக் குரல் இல்லாததால்தான் லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியிலிருந்து ஆளை நாற்காலியில் வைத்து இறக்கி ஐசியுவுக்கு ஓடுகிறோம். பார்த்துக்கொள்வது பெரும்பாலும் மனைவியோ மருமகளோதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கும் அந்தப் பெண் தூங்கினாளா என்று எந்தச் சொந்தக்காரரும் கேட்பதில்லை. "கடைசிவரைக்கும் பார்க்காம விட்டுட்டாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார்கள்.

மீண்டுவர வழியில்லாத நிலையில் வெண்டிலேட்டர் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என 2018-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2023-ல் நடைமுறையையும் சுலபமாக்கியது. இரண்டு சாட்சிகளோடு நோட்டரி முன் கையெழுத்துப் போட்டால் போதும். நினைவு நன்றாக இருக்கும்போதே நோயாளியிடமே கேளுங்கள்.

இன்னொன்று. வீட்டில் உயிர் பிரிந்தால் மரணக் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட ஒரு டாக்டர் வேண்டும். துக்க வீட்டிலிருந்து அதற்காக கிளினிக் கிளினிக்காக அலைபவர்கள் உண்டு. வீட்டுக்கு வந்து பார்க்கும் டாக்டரிடம் இதை இப்போதே பேசி, அவர் நம்பரை வீட்டில் எல்லோர் போனிலும் போட்டுவையுங்கள்.