நோயை மட்டும் குற்றவாளியாக்காதீர்கள்
"ஸ்கிசோஃப்ரினியா வந்தவர் எப்போது வேண்டுமானாலும் அடிப்பார், அது நோயின் குணம்" என்று இணையத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லாத குரல்கள் கேட்பது, நடக்காததை நடப்பதாக உறுதியாக நம்புவது போன்றவை வரும் மனநோய்தான் ஸ்கிசோஃப்ரினியா. தவறு. பொதுமக்களைவிட இவர்களிடம் வன்முறை ஓரளவு கூடுதல்தான், அதை மறைக்க வேண்டாம். ஆனால் பெரும்பாலானோர் யாரையும் தாக்குவதில்லை, தாக்கப்படுவதுதான் அதிகம்.

அந்தக் கூடுதல் எங்கிருந்து வருகிறது? மனநல ஆய்வாளர் ஃபேசலின் குழுவினர் 2009இல் 20 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஸ்கிசோஃப்ரினியா போன்ற நோய்களோடு குடியோ போதையோ சேர்ந்தவர்களுக்கு வன்முறை வாய்ப்பு பொதுமக்களைவிடச் சுமார் 9 மடங்கு. அந்தப் பழக்கம் இல்லாதவர்களுக்குச் சுமார் 2 மடங்கு. நோயே இல்லாத, போதைப் பழக்கம் மட்டும் உள்ளவர்களின் அபாயமும் கிட்டத்தட்ட முதல் கூட்டத்தின் அளவுக்கே இருந்தது. அப்புறம் நோயை மட்டும் எப்படிக் கைகாட்டுவது?

சிறுவயதில் பட்ட அடி உதை, முன்பே வன்முறையில் இறங்கிய வரலாறு இவையும் கணக்கில் வரும். நோயின் பங்கு பெரும்பாலும் துன்புறுத்தல் பிரமையில் தெரியும்: தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று உறுதியாக நம்புபவர், தற்காப்பு என்று நினைத்தே கை ஓங்குகிறார். இது சிகிச்சைக்குக் கட்டுப்படக்கூடியது. சுவீடன் பதிவேடுகளை வைத்து 2014இல் வந்த ஆய்வில், ஆன்டிசைக்கோட்டிக் மருந்து (பிரமை போன்ற அறிகுறிகளைக் கட்டுப்படுத்துவது) எடுத்த காலங்களில் வன்முறைக் குற்றங்கள் 45% குறைவு.

"மருந்துதான் வெறியேற்றுகிறது, நிறுத்துங்கள்" என்ற இன்னொருவரின் யோசனை இதைவிட ஆபத்து. சில மருந்துகளால் உட்கார முடியாத தவிப்பு, அகதீசியா, வருவது உண்மை. அதை மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார். நீங்களாக நிறுத்தினால் பிரமை திரும்பி வரும் ஆபத்துதான் அதிகம்.