பிளீச் ஊற்றுவதற்கு முன்னால்

"காளானும் ஒரு செடிதான், மரத்தின் சத்தை உறிஞ்சிக் கொன்றுவிடும், கண்டதும் பிடுங்கி வேரில் பிளீச் ஊற்றுங்கள்" என்று மேலே ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். தயவுசெய்து ஊற்றாதீர்கள். காளானைவிட மரத்துக்கு அதுதான் ஆபத்து.

காளான் செடி இல்லை அண்ணே, பூஞ்சை. பச்சையம் கிடையாது. செல்சுவரில் இருப்பது இறால் ஓட்டில் உள்ள அதே கைட்டின். 1969-லேயே விட்டேக்கர் என்ற அமெரிக்கச் சூழலியலாளர், தாவரம், விலங்கு போலப் பூஞ்சைகளையும் தனி உலகமாகப் பிரித்துவிட்டார். நாம் பிடுங்குவது வித்து பரப்பும் உறுப்பை மட்டும். உடம்பு மண்ணுக்குள் நூல்நூலாக ஓடுகிறது. பினாங்கு மலையில் மழைக்கு அப்புறம் ஈரச் சருகை விலக்கிப் பாருங்கள், மக்கிய இலைகளைப் பிணைத்தபடி வெள்ளையாகத் தெரியும்.

அந்த நூல்களில் பல மரத்துக்கு உதவுபவை. நம் காட்டு மெராந்தி, கெருயிங் மரங்களின் வேர் நுனியைப் பூஞ்சை உறையாகப் போர்த்தி, பாஸ்பரஸை எடுத்துக் கொடுக்கும். பதிலுக்கு மரம் சர்க்கரை தரும். விழுந்த கட்டையைக் கெட்டியாக வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளை உடைத்து மக்கவைப்பதும் முக்கியமாகப் பூஞ்சைகள்தான்.

சரி, அவர் பயம் முழுக்கத் தப்பில்லை. செம்பனையைச் சாய்க்கும் கனோடெர்மாவும், ரப்பர் தோட்டத்து வெள்ளை வேர் நோயும் பூஞ்சைதான். அடிமரத்தில் பலகை மாதிரி கெட்டியாக நீட்டிக்கொண்டிருந்தால் உள்ளே அழுகல் ஏற்கெனவே பரவியிருக்கலாம். பிய்த்துப் போட்டுப் பயனில்லை. சாலையோர மரமென்றால் படமெடுத்து மாநகர் மன்றத்துக்கு அனுப்புங்கள். புல்தரைக் குடைக்காளான் சில நாளில் தானே அழுகிவிடும், விட்டுவிடுங்கள்.