"பேசுவான், பொறுங்க" என்று சொன்ன அத்தனை பேருக்கும்

"பேசுவான், பொறுங்க" என்று, பேச்சு வராத என் பேரனைப் பற்றி இனி எவர் என் முன்னால் சொன்னாலும் நான் வாயை மூடிக்கொண்டு இருக்கப்போவதில்லை. ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசும், அப்பனே நாலு வயதில்தான் வாய் திறந்தான், நாக்கில் வசம்பைத் தேய்த்தால் சரியாகிவிடும், கோவிலுக்கு மணி வாங்கிக் கட்டுவதாக வேண்டிக்கொள்ளுங்கள் என்று எங்கள் உசிலம்பட்டிப் பக்கத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். உறவுக்காரர்களை விட்டுவிடலாம், அவர்கள் அக்கறையில் சொல்கிறவர்கள். மேசைக்குப் பின்னால் அமர்ந்துகொண்டு, என் மகளின் முகத்தைக்கூட நிமிர்ந்து பாராமல் அதே வார்த்தையைச் சொன்ன தனியார் குழந்தை மருத்துவரை எந்தக் கணக்கில் விடுவது? இரண்டு வயது நிறைந்தும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாத பேரனுக்கு முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது மருத்துவத்தின் அரிச்சுவடி அல்லவா? அந்தச் சோதனைக்கு ஒரு சீட்டு எழுதாமல், பசியெடுக்க டானிக் எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

என் மகளிடம் தாய் சேய் நல அட்டை இருக்கிறது. தடுப்பூசிக் கட்டங்களில் தேதியும் கையெழுத்தும் ஒன்று விடாமல் இருக்கின்றன, எடை வரைபடத்தில் மாதாமாதம் புள்ளி வைத்துக் கோடு இழுத்திருக்கிறார்கள். அதே அட்டையில், குழந்தை எந்த மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்க வேண்டும், எப்போது பிடிமானமின்றி உட்கார வேண்டும், எப்போது முதல் சொல் வர வேண்டும் என்று படம் போட்டு அச்சிட்டிருக்கும் பக்கங்கள் மட்டும் அச்சகத்திலிருந்து வந்தபடியே மடிப்புக் கலையாமல் இருக்கின்றன. புதன்கிழமை தடுப்பூசிக்குத் தூக்கிச் சென்ற போதெல்லாம் யாராவது ஒருவர் அந்தப் பக்கத்தைப் புரட்டி, "டாட்டா காட்டுறானா? கூப்பிட்டாத் திரும்புறானா?" என்று கேட்டிருந்தால் ஒன்றரை வயதிலேயே விஷயம் தெரிந்திருக்கும். (ஏறத்தாழ ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்று கணக்குப் போட்டு, பிரசவம் முதல் கொசு மருந்து வரை அத்தனையையும் கிராமச் செவிலியரின் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். என் கோபம் அந்தப் பெண்ணின் மேல் அல்ல.)

அங்கன்வாடியில் நடந்தது அதைவிடக் கொடுமை. மற்ற பிள்ளைகள் மண்ணை அள்ளி வீசிக்கொண்டிருக்க, இவன் மட்டும் மூலையில் உட்கார்ந்து ஒரு தட்டைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருப்பான். "சேட்டையே கிடையாது, தங்கமான பிள்ளை" என்று நற்சான்றிதழ் கொடுத்தார்கள்! மருத்துவக் குழு வண்டியில் வந்து எடை பார்த்தது, பல்லைப் பார்த்தது, குடற்புழு மாத்திரை தந்தது, போய்விட்டது.

இதற்கெல்லாம் திட்டம் இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. பிறவிக் குறைபாடு, நோய், சத்துக்குறைவு, வளர்ச்சித் தாமதம் என நான்கையும் பதினெட்டு வயது வரை கண்டறிந்து இலவசமாகச் சிகிச்சை அளிப்பதற்கென்றே 2013ஆம் ஆண்டில் தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் வந்தது. குழந்தை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், இயன்முறை மருத்துவர், உளவியலாளர், சிறப்புக் கல்வியாளர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்படி மாவட்டத்துக்கு ஒரு ஆரம்பநிலை இடையீட்டு மையம், அதாவது குறையைச் சிறுவயதிலேயே கண்டறிந்து பயிற்சியும் சிகிச்சையும் தரும் இடம், என்பதும் அதே திட்டத்தில்தான் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, எல்லாக் குழந்தைகளையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பரிசோதித்துப் பாதிப்புக்கு வாய்ப்புள்ளவர்களைக் கண்டறிய வேண்டும் என்று அரசுக்கே கடமை விதித்திருக்கிறது. இவ்வளவும் காகிதத்தில் இருக்கும்போது, இப்படி ஒரு மையம் உண்டு என்ற செய்தியை எங்களுக்கு மருத்துவரும் சொல்லவில்லை, அங்கன்வாடியும் சொல்லவில்லை. மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில், இதேபோன்ற பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த முன்பின் தெரியாத ஒரு பெண்தான், இவன் கைகளை உதறுவதைப் பார்த்துவிட்டு, "பெரியாஸ்பத்திரிப் பக்கம் போய் விசாரிங்கய்யா" என்றாள்.

அதற்கு முன்பே நாங்கள் நகரத்தில் ஒரு தனியார் தெரபி மையத்தில் பணத்தைக் கொட்டியிருந்தோம். முக்கால் மணி நேரத்துக்கு 600 ரூபாய். மருமகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார், விடுப்பு எடுத்தால் கூலி கிடையாது, ஆகவே மகளுக்குத் துணையாக நான்தான் போவேன். கதவைச் சாத்திக்கொள்வார்கள். உள்ளே பேரன் அழும் சத்தம் கேட்கும், வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் நாங்கள் இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்போம். "உள்ள என்ன சொல்லிக் குடுக்குறீங்கன்னு காட்டுனா வீட்லயும் செய்வோம்ல மேடம்" என்று மகள் கேட்டதற்கு, "பேரன்ட்ஸ் இருந்தா குழந்தை டிஸ்ட்ராக்ட் ஆகும்" என்று பதில் வந்தது. வாரத்தில் மூன்று முறை முக்கால் மணி நேரம் அவர்களிடம் இருக்கிற பிள்ளை மீதி நேரமெல்லாம் யாரிடம் இருக்கிறான்? குளிக்க வைப்பதும் சோறூட்டுவதும் தாய்தான். "தண்ணி" என்று வாயால் கேட்கும்வரை தம்ளரைக் கையில் பிடித்தபடி எப்படிக் காத்திருக்க வேண்டும் என்பதை அவளுக்குச் சொல்லித் தராமல் யாருக்குச் சொல்லித் தரப்போகிறார்கள்? சொல்லிக் கொடுத்துவிட்டால் அடுத்த மாதக் கட்டணம் குறைந்துவிடும் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

மழலையர் பள்ளிகளைப் பற்றிப் பேசவே பிடிக்கவில்லை. முன்பணத்தை வாங்கிக்கொண்டு, ஒரே வாரத்தில் "மத்த பேரன்ட்ஸ் கம்ப்ளெய்ன்ட் பண்றாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள், முன்பணம் மட்டும் திரும்பவில்லை.

நான் கேட்பது புதிய திட்டம் அல்ல, புதிய கட்டடமும் அல்ல. அட்டையின் அந்தப் பக்கத்தை நிரப்பாமல் எந்தக் குழந்தையையும் தடுப்பூசி மேசையிலிருந்து அனுப்பக்கூடாது என்று ஓர் உத்தரவு போடுங்கள். சந்தேகம் என்றால் மையத்தின் முகவரியும் தொலைபேசி எண்ணும் அச்சிட்ட சீட்டு ஒன்றை அம்மாவின் கையில் கொடுங்கள், ஒரு மாதம் கழித்துப் போனார்களா என்று ஒருவர் கேளுங்கள். முதல் மூன்று ஆண்டுகளில் மூளை வளர்கிற வேகம் பிறகு வராது என்று மேடைதோறும் பேசுகிற அதிகாரிகளுக்கு, அந்த மூன்று ஆண்டுகளை எங்களைப் போன்றவர்கள் வழி விசாரித்தே தொலைக்கிறோம் என்பது எப்போது உறைக்கும்? இப்போது எங்கள் ஊரில் எந்தப் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்றாலும் எங்கள் வீட்டுக்குத்தான் அனுப்புகிறார்கள். போன மாதம் ஒரு இளம்தாய் கைக்குழந்தையோடு வாசலில் வந்து நின்றாள், யாரம்மா அனுப்பியது என்று கேட்டேன். "நர்ஸம்மாதான் தாத்தா, உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்னு சொன்னாங்க" என்றாள்.